மைக்குக்குத் தறிச் சத்தம் கேட்கும்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் காலையில் விசைத்தறி ஓடத் தொடங்கினால் இரவு வரைக்கும் நிற்காது. அதிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சத்தமே இல்லை. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள்தான் "இதுல எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்பார்கள்.

சித்தப்பா மகள் நன்றாகப் பாடுவாள். அவள் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்று ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். "ஸ்டுடியோ குவாலிட்டி சார்" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை. பதிவு செய்து ஹெட்போனில் கேட்டால் முதலில் வந்தது மூன்று வீடு தள்ளி ஓடுகிற தறி. அப்புறம் மின்விசிறி, அடுப்படியில் அம்மா உருட்டிய பாத்திரம். கடைசியாகத்தான் தங்கை.

நம் காதுக்குப் பின்னால் ஒரு மூளை உட்கார்ந்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் நூறு பேர் பேச்சும் கலந்து அடிக்கும்போதும் எதிரே நிற்கும் மாமா பேசுவதை அது தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடும். இதை 1953-ல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் சோதனை செய்து எழுதினார். 'காக்டெயில் பார்ட்டி' விளைவு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மைக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தன்மேல் வந்து மோதும் காற்றழுத்தம் எதுவானாலும் அதை அப்படியே மின்சாரமாக்கிக் கொடுக்கும்.

எப்படி ஆக்குகிறது? கீழே விழுந்து செத்துப்போன ஒரு டைனமிக் மைக்கை, அதாவது மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகையை, பிரித்துப் பார்த்தேன். வலைக்கூண்டைத் திருகி எடுத்தால் உள்ளே ஸ்பாஞ்ச். அதற்கடியில் நடுவில் புடைத்த, நாணயம் அளவுள்ள பிளாஸ்டிக் சவ்வு. சவ்வின் முதுகில் தலைமுடி போன்ற செம்புக்கம்பிச் சுருள். அந்தச் சுருள், காந்தத்தில் இருக்கும் வட்டமான பள்ளத்துக்குள் எதிலும் உரசாமல் நிற்கிறது. குரல் பட்டுச் சவ்வு அசைந்தால் சுருளும் காந்தப்புலத்துக்குள் அசையும். கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான். இதையே திருப்பிப் போட்டு, சுருளுக்கு மின்சாரம் கொடுத்துச் சவ்வை ஆட்டினால் அது ஸ்பீக்கர். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவெல்லாம் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் பாடகர் கையில் இருக்கும் மைக்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நம்பாதவர்கள் பழைய கம்ப்யூட்டரின் மைக் துளையில் இயர்போனைச் செருகி, அதற்குள் பேசிப் பார்க்கலாம். மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் குரல் பதிவாகும்.

கண்டென்சர் வேறு ஜாதி. அதில் சுருள் கிடையாது, காந்தமும் கிடையாது. தங்கம் பூசிய மெல்லிய படலம் ஒன்று. அதன் தடிமன் சில மைக்ரான்தான், நம் தலைமுடி அதைவிடப் பத்து மடங்காவது பருமன். படலத்துக்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே மின்னூட்டம் தேக்கி வைக்கப்பட்டிருக்கும். படலம் அசைந்து இடைவெளி மாறினால் மின்னழுத்தமும் மாறும். 1916-ல் அமெரிக்கப் பொறியாளர் வென்ட் இதை உருவாக்கினார். சுருளைச் சுமக்காத படலம் என்பதால் வேகமான அதிர்வுகளுக்கும் உடனே ஈடு கொடுக்கும். 'ச' சொல்லும்போது வரும் காற்றுச் சீறல், மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படும் நொடி, இவையெல்லாம் இதில் துல்லியமாக விழும். இதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் அதே கேபிள் வழியாக அதை அனுப்பிவிடும்.

இந்த இடத்தில் நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். "கண்டென்சர் தூரத்துச் சத்தத்தை இழுக்கும், டைனமிக் இழுக்காது" என்று எல்லோரும் சொன்னார்கள். சரி என்று ஒரு டைனமிக் மைக்கும் வாங்கினேன். மேடைகளில் பார்ப்போமே, பந்து போன்ற வலைத்தலை உள்ளது. ஷூர் நிறுவனம் 1966-ல் கொண்டுவந்த எஸ்எம்58 தான் அந்த உருவத்துக்கு மூலம். தங்கையைப் பாடவைத்தேன், தறி பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. ஆகா, எல்லோரும் சொன்னது நிஜம்தான் என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் சும்மா இருக்காமல் இரண்டு மைக்கையும் ஒட்டி வைத்து, வாயிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்தி, குரலின் அளவு இரண்டிலும் சமமாக வரும்படி வைத்துப் பதிவு செய்தேன். தறி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு!

காரணம் தூரம். டைனமிக்கை அவள் மேடைப் பழக்கத்தில் உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடியிருந்தாள். கண்டென்சரை நான் படத்தில் பார்த்த மாதிரி இரண்டடி தள்ளி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன். ஒலி எழும் இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலியழுத்தம் இரு மடங்காகும், அதாவது 6 டெசிபல் கூடும். 60 சென்டிமீட்டரிலிருந்து 15-க்கு வந்தால் இரண்டு முறை பாதி. குரல் நான்கு மடங்கு, 12 டெசிபல். மூன்று வீடு தள்ளி இருக்கும் தறிக்கு இந்த அரை மீட்டர் ஒரு பொருட்டே இல்லை, அது அதே அளவில்தான் வரும். குரல் ஓங்கியதும் இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்கிறோம். தறியும் சேர்ந்து குறைகிறது. மைக்கின் விலை இதற்குள் வரவே இல்லை.

அதற்காக மைக்கை விழுங்கிவிடவும் கூடாது. பெரும்பாலான பாட்டு மைக்குகள் கார்டியாய்டு வகை, அதாவது முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் கேட்காது. மந்திரம் ஒன்றுமில்லை, சவ்வுக்குப் பின்னாலும் காற்று நுழையத் துளைகள் இருக்கின்றன. பின்னாலிருந்து வரும் ஒலி அந்தத் துளை வழியாகச் சற்றுச் சுணங்கிச் சவ்வின் முதுகைத் தொடும் நேரமும், அதே ஒலி மைக்கைச் சுற்றிக்கொண்டு சவ்வின் முகத்தைத் தொடும் நேரமும் ஒன்றாக அமையும்படி செய்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் சவ்வு எந்தப் பக்கம் போகும்? அசையாமல் நிற்கும். சில பாடகர்கள் ஸ்டைலுக்காக மைக்கின் தலையைப் பொத்திப் பிடிப்பார்கள். அந்தப் பிடியில் பின் துளைகள் அடைபட்டு மைக் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கும். ஸ்பீக்கர் 'ஊய்' என்று கத்தும். பாடகர் திரும்பி மைக்செட்காரரை முறைப்பார். பாவம், அவர்மேல் தப்பே இல்லை.

இதே துளைகளால் இன்னொரு விளைவும் உண்டு. வாய் மிக அருகில் இருந்தால் முன்வாசலுக்கும் பின்துளைக்கும் உள்ள தூர வித்தியாசமே பெரிதாகிவிடும். உதட்டிலிருந்து முன்பக்கம் 2 சென்டிமீட்டர், பின்துளை 4 என்றால் பின்னால் வரும் அழுத்தம் பாதிதான். இந்த வித்தியாசம் கீழ்ச்சுருதி ஒலிகளைத்தான் அதிகம் தூக்கிக் காட்டும். எஃப்எம் அறிவிப்பாளர்களின் கனத்த குரலில் பாதி இப்படி வந்ததுதான். பாட்டுக்கு இது ஒரு கட்டத்துக்கு மேல் குடத்துக்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். நான்கு விரல்கடை முதல் ஒரு சாண் வரை தள்ளி நிற்பது எங்கள் வீட்டில் சரியாக வருகிறது. 'ப' சொல்லும்போது வெடிக்கும் காற்றுக்கு, எம்பிராய்டரி வளையத்தில் பழைய சாக்ஸ் துணியை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

வாத்தியங்களுக்குத் தூரம் மட்டும் போதாது, ஒலி எங்கிருந்து கிளம்புகிறது என்பதும் தெரிய வேண்டும். நாதஸ்வரத்துக்கு, விரிந்த வாய் போன்ற அடிமுனையான அணசு பக்கம் மைக்கை வைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் பெரும்பாலான ஸ்வரங்களில் ஒலி அணசுக்கு வருமுன்பே, திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகக் கிளம்பிவிடுகிறது. அணசில் வைத்தால் கீழ் ஸ்வரங்கள் மட்டும் துருத்தும். கை நீளத் தூரத்தில், துளைகளைப் பார்த்தபடி மைக்கை வைத்தால் வாத்தியம் முழுசாகக் கேட்கும்.

அடுத்தது அறை. பத்துக்குப் பத்து சிமெண்ட் அறையில் கையைத் தட்டினால் 'டிங்' என்று ஓர் உலோகச் சத்தம் திரும்ப வரும். சுவரில் பட்டுத் திரும்பும் குரல் சில மில்லிசெகண்டு தாமதமாக மைக்குக்கு வந்து, நேராக வந்த குரலோடு மோதி, சில அதிர்வெண்களை அழித்துவிடும். குளியலறைப் பாட்டு பதிவில் சொதப்புவது இதனால்தான். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி, துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். தறியின் அடித்தொனிக்கு மெத்தை உதவாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6.8 மீட்டர், ஒரு சாண் பஞ்சை அது மதிக்காது. அதற்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பில்டரைப் போட்டுவிடுவேன், பெண் குரலுக்கு அங்கே வேலை இல்லை.

சத்தமே இல்லாத இடத்துக்குப் போனால் என்ன என்று கண்டென்சரைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்கும் போனோம். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோவில் அதுதான் மிச்சம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, காப்பித் தோட்டத்து நண்பர் வீட்டில் மைக்கை நிறுத்தினோம். ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்தது. பத்தே நிமிடத்தில் ஹெட்போனில் கடுகு தாளிக்கும் சத்தம். ஈரம் படிந்ததும் தேக்கி வைத்த மின்னூட்டம் கசியத் தொடங்கிவிடும், கசியும்போதெல்லாம் ஒரு பொரி. படலத்தைத் துடைத்தால் கதை முடிந்தது. மைக்கைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினோம், மறுநாள் சரியாகிவிட்டது. அன்று டைனமிக்தான் கை கொடுத்தது.

கூட வந்த புல்லாங்குழல்காரர் சுருதி இறங்குகிறது என்றார். உயரத்தைக் காரணம் காட்டினார், ஆனால் காரணம் குளிர். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் குறையும். சேலத்தைவிடப் பத்து டிகிரி குளிர் என்றால் குழலின் சுருதி அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கும். ஊதி ஊதிக் குழலைச் சூடேற்றிக்கொண்டார்.

இப்போதெல்லாம் மலைக்குப் போவதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று பேப்பரில் வந்தால் தெருவே முணுமுணுக்கும். நான் லேப்டாப்பை முழுசாகச் சார்ஜ் போட்டு வைப்பேன். இன்டர்ஃபேஸ் அதிலிருந்தே கரண்டை எடுத்துக்கொண்டு கண்டென்சருக்கு 48 வோல்ட்டும் கொடுத்துவிடும். ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கும். விசிறி இல்லாமல் வேர்த்து ஊற்ற, தங்கை தம்பூரா ஆப்பைப் போட்டுக்கொண்டு பாட ஆரம்பிப்பாள். பக்கத்து வீட்டுக் குக்கருக்குத்தான் கரண்ட் தேவையில்லை.