புகாரே வராத இல்லம்

குழந்தைகள் இல்லமோ முதியோர் இல்லமோ, பயிற்சிக்காகவோ ஆய்வுக்காகவோ போகும் இடத்தில் நான் முதலில் கேட்டு வாங்குவது நிகழ்வுப் பதிவேட்டைத்தான். பிள்ளை படியில் விழுந்தது, இரண்டு பேர் அடித்துக்கொண்டது, ஒரு பாட்டிக்கு மாத்திரை மாறிப்போனது, பணியாளர் கை ஓங்கியது ஆகியவை எழுதப்பட வேண்டிய இடம் அது. பல இல்லங்களில் அந்தப் பதிவேடு கடையில் வாங்கியபடியே புத்தம் புதிதாக இருக்கும். இல்லையென்றால், ஆய்வுக்கு முதல் நாள் ஒரே பேனாவில் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் ‘குறிப்பிடும்படி எதுவும் இல்லை’ என்று எழுதி வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே பார்வையாளர் பதிவேடு இருக்கும். பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போட வந்தவர்கள் எழுதிய பாராட்டுகள் அதில் பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும். “இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லைங்க” என்று கண்காணிப்பாளர் பெருமையாகச் சொல்வார்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டிலேயே நாளுக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. ஐம்பது பிள்ளைகள், அதிலும் வீட்டை இழந்தோ வீட்டால் அடிபட்டோ வந்த பிள்ளைகள், ஒரே கூரையின் கீழ் இரவும் பகலும் வாழுமிடத்தில் வருடம் முழுக்க எதுவுமே நடக்காமல் இருக்க வழியில்லை. நடப்பதைச் சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்பதை அங்கிருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்கிறார்கள், அதனால்தான் பதிவேடு காலியாக இருக்கிறது. இந்தப் பாடத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது இல்லத்தின் தலைமை. அதுவும் பெரும்பாலான நேரங்களில் தான் கற்றுக்கொடுக்கிறோம் என்பதை உணராமலே.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். இடமும் ஆளும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். காலையில் சிறுவர்களைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர், எட்டு வயதுப் பையனின் மேற்கையில் நான்கு விரல் பதிந்த தடத்தைப் பார்க்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு நேராக அலுவலக அறைக்குப் போய்ச் சொல்கிறார். கண்காணிப்பாளர் கெட்டவர் அல்லர். பதினைந்து வருட அனுபவம் உள்ளவர், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்காக வெயிலில் அலைகிறவர். அவர் கேட்ட முதல் கேள்வி, “இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?” இரண்டாவது கேள்வி, “நைட் டூட்டில நீதானே இருந்த?” அதட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஆனால் மதியச் சமையல் முடிவதற்குள் அந்த இரண்டு கேள்விகளும் இல்லத்தின் எல்லாப் பணியாளர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. அடுத்த முறை யார் கையிலாவது தடம் தெரிந்தால், பள்ளிக்குக் கிளம்பும்போது முழுக்கைச் சட்டை போட்டுவிடுவதுதான் தனக்கு நல்லது என்று ஓர் ஆயா முடிவெடுக்க இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இதே செய்தி வேறோர் இல்லத்துக்கு வந்தபோது, அங்கிருந்த பொறுப்பாளர், “பையன் இப்ப எங்க இருக்கான்? சாப்பிட்டானா?” என்று கேட்டார். பிறகு ஆயாவை உட்காரவைத்து, பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லச் சொன்னார். அவருக்கு எழுத வராது என்பதால் அவர் சொல்லச் சொல்லத் தானே எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கித் தானும் கையெழுத்திட்டார். மருத்துவரிடம் பையனை அழைத்துப்போனதும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் அன்றே தகவல் கொடுத்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. சுவரில் மாட்டும் தொலைநோக்கு அறிக்கையிலும் பயிற்சிச் சான்றிதழிலும் பணிப் பண்பாட்டைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது, கெட்ட செய்தி வந்ததும் தலைமை கேட்கும் முதல் கேள்வியைக் கவனியுங்கள் என்பதுதான்.

நம் ஊர் தொண்டு நிறுவனங்களில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல இல்லங்கள் ஒரு தனி மனிதரின் கருணையில் தொடங்கியவை. அவர் அங்கே அய்யா, அப்பா, அம்மா அல்லது மதர். ‘நாம எல்லாரும் ஒரே குடும்பம்’ என்பதே அங்கே நிர்வாகக் கொள்கை. கேட்க இதமாக இருக்கும் இந்தப் பேச்சு நடைமுறையில் பல கதவுகளை அடைத்துவிடுகிறது. குடும்பத்துக்குள் நடப்பதை வெளியே சொல்கிறவர் துரோகி. சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனதைக் கேட்கிறவர் சேவை மனம் இல்லாதவர். தொடர்ந்து மூன்று இரவுப் பணி பார்க்க முடியாது என்கிறவர் பிள்ளைகள் மேல் பாசம் இல்லாதவர். நிறுவனர் நல்லவராக இருக்கும் வரை சமாளித்துவிடலாம் என்று பலர் வாதிடுவார்கள். நான் அதை ஏற்பதில்லை. நல்லவராக இருப்பவரிடம் கெட்ட செய்தியைக் கொண்டுபோவது இன்னும் கடினம், ஏனென்றால் அவர் மனம் நோகும் என்பதற்காகவே எல்லோரும் மறைப்பார்கள்.

பணியாளர் நடத்தப்படும் விதத்துக்கும் பிள்ளை நடத்தப்படும் விதத்துக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. இல்லத் தாய் என்ற பொறுப்பில் இருக்கும் பெண் பல இடங்களில் அங்கேயே தங்கி, மாதத்துக்கு ஒரு நாள் ஊருக்குப் போய் வருகிறார். பரிமாறிய சாம்பார் நீர்த்துவிட்டது என்பதற்காக, சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முன்னாலேயே நிர்வாகி அவரை ஒருமையில் திட்டுகிறார். பதினான்கு வயதுப் பையன்கள் அதைத் தட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல் கவனிக்கிறார்கள். இந்த அக்காவுக்கு இங்கே மதிப்பில்லை என்பது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. அன்று இரவு ‘விளக்கை அணைச்சிட்டுப் படுங்கடா’ என்று அவர் சொன்னால் எவனும் அசையமாட்டான். அவரிடம் மிச்சமிருப்பது கையில் உள்ள குச்சி மட்டுமே. மறுநாள் அடித்த குற்றத்துக்கு அவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அவரை மட்டும் நீக்கிவிட்டு அதே வேலைக்கு இன்னொரு பெண்ணை அதே சம்பளத்தில், அதே இரவுப் பணிக்கு அமர்த்தினால், ஆறு மாதத்தில் அவர் கையிலும் குச்சி இருக்கும் என்கிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் பலரும் நினைப்பதைவிடக் கூர்மையானது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆவது பிரிவின்படி, இல்லத்தின் பொறுப்பாளரோ பணியாளரோ ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லிக் குழந்தையை அடித்துத் தண்டித்தால், முதல் முறை தண்டனை 10,000 ரூபாய் அபராதம். மறுமுறை மூன்று மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. தண்டிக்கப்பட்டவர் பணிநீக்கம் செய்யப்படுவதோடு குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்யவும் தடை விதிக்கப்படுவார். அதே பிரிவு, அந்த விசாரணைக்கு நிர்வாகம் ஒத்துழைக்காவிட்டாலோ நலக் குழுவின் அல்லது நீதிமன்றத்தின் உத்தரவை நிறைவேற்றாவிட்டாலோ, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. அதாவது, அடித்த கையைவிட மூடி மறைத்த நாற்காலிக்குத் தண்டனை பல மடங்கு அதிகம். (கொடுமை என்ற அளவுக்குப் போனால் 75ஆவது பிரிவு வரும், பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் அதில் உண்டு.) 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. குழந்தைகள் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காத எவருக்கும் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை. அறங்காவலர் கூட்டங்களில் இந்தப் பிரிவுகளை வாசித்துக் காட்டும்போது அறை சட்டென்று அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை ‘நம்ம பேரு கெட்டுடும்’ என்பது மட்டுமே அங்கே கணக்கில் இருந்திருக்கும்.

புகார்ப் பெட்டியின் கதை தனி. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், பெட்டி அலுவலகத்திலிருந்து தள்ளி, பிள்ளைகள் தங்கும் அறைகளுக்கு அருகில் இருக்க வேண்டும் என்கின்றன. சாவி மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும், வாரந்தோறும், இல்லத்துப் பிள்ளைகளே அமைந்த குழந்தைகள் குழுவின் உறுப்பினர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். நான் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவை கண்காணிப்பாளர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டப்பட்டிருந்தன. சாவி அவருடைய மேசை இழுப்பறையில். ஆய்வுக்கு வரும் அலுவலர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அங்கே மாட்டியதாக ஒருவர் மிக நேர்மையாகவே சொன்னார்.

வெளியிலிருந்து வரும் ஆய்வை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு பீகாரின் முசாஃபர்பூர் சிறுமியர் இல்லத்தைவிடப் பெரிய சான்று தேவையில்லை. சட்டப்படி ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது செல்ல வேண்டும். மூன்று பேருக்குக் குறையாத அந்தக் குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும். முசாஃபர்பூரின் அந்த இல்லத்துக்கு அலுவலர்கள் போகாமல் இல்லை. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு சமூகத் தணிக்கைக்காகச் சென்று, பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் அங்கே நடந்த பாலியல் கொடுமைகள் 2018இல் வெளியே வந்தன. 2020 ஜனவரியில் தில்லி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்த 19 பேரில் இல்லத்தின் பெண் பணியாளர்கள் இருந்தார்கள், மாவட்டக் குழந்தை பாதுகாப்பு அலுவலர் இருந்தார், குழந்தைகள் நலக் குழுவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்று சட்டம் காட்டியதோ அவர்களே அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

பணம் இல்லாததால்தான் இப்படி ஆகிறது என்ற சமாதானத்துக்கு இங்கிலாந்தின் வின்டர்போர்ன் வியூ பதில். பிரிஸ்டல் அருகே, அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்காக நடந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் ஒருவருக்கு வாரம் சுமார் 3,500 பவுண்டு கட்டணம். அங்கே பணியாற்றிய மூத்த செவிலியர் ஒருவர் 2010இல் நிர்வாகத்துக்கு எழுதினார். பிறகு இத்தகைய இடங்களைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கும் தெரிவித்தார். எதுவும் நடக்கவில்லை. 2011 மே மாதம் பிபிசி ரகசியமாகப் படம்பிடித்து ஒளிபரப்பிய பிறகே பணியாளர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 6 பேர் சிறை சென்றார்கள். உள்ளிருந்து ஒருவர் முறைப்படி எழுதியும் அவர் எழுதியதைப் படிக்கத் தலைமை தயாராக இல்லை என்பதே அங்கே அடிப்படைச் சிக்கல்.

மாற்றிக்காட்டிய இல்லங்களையும் பார்த்திருக்கிறேன். அவை செய்தவை பெரும்பாலும் செலவில்லாதவை. பணி மாறும் நேரத்தில் பத்து நிமிடம் இரண்டு தரப்பும் சேர்ந்து நின்று, எந்தப் பிள்ளை தூங்கவில்லை, யார் சாப்பாட்டை ஒதுக்கினான், யாருக்கு வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். கண்காணிப்பாளர் வாரத்தில் ஓரிரவு சொல்லாமல் வந்து, யாரையும் பிடிப்பதற்காக இல்லாமல், இரவு ஆயாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். மாதக் கூட்டத்தில் நிகழ்வுப் பதிவேட்டை உரக்கப் படித்து, எழுதியவருக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்கிறார்கள். செலவுள்ளது ஒன்றே ஒன்று, விடுப்பில் செல்பவருக்கு மாற்று ஆள். அதற்கான தொகையைக் கட்டடத்துக்கு வண்ணம் பூசும் தொகைக்கு முன்னால் ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுக்களிடம் நான் விடாமல் வாதாடுவதுண்டு. சில இடங்களில் வென்றிருக்கிறேன்.

இப்படிச் செய்யத் தொடங்கிய இல்லத்தில் முதல் சில மாதங்கள் பதிவேடு வேகமாக நிறையும். அறங்காவலர்கள் பதறிப்போய், புதிய கண்காணிப்பாளர் வந்த பிறகுதான் இத்தனை பிரச்சினை என்று அவரை மாற்றப் பார்ப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இல்லத்தின் அரசுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: எண்ணிக்கையைப் பார்க்காமல் எழுதியிருப்பதைப் படியுங்கள். எழுதியவர் யார், எத்தனை மணிக்கு, பிள்ளை என்ன சொன்னது, அன்றே என்ன செய்யப்பட்டது என்பவை இருந்தால் அந்தக் கண்காணிப்பாளரை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வேலையும் அறங்காவலர்களுடையதே. வேலையை விட்டுப்போன பணியாளரிடம் பேச வேண்டும். கண்காணிப்பாளர் மூலமாக அல்ல, குழுவில் ஒருவர் நேரடியாக. அதுவும் பாக்கிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. அதற்கு முன் கேட்டால், ‘சொந்தக் காரணம்’ என்ற பதில் மட்டும்தான் கிடைக்கும்.