மேகமில்லாத வானம், சிவந்த பனி

தாத்தா மலையேறப் போன காலத்துப் படங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். முதுகுப்பை தெரிகிறது, ஊன்றுகோல் தெரிகிறது, பூட்ஸ் கயிற்றின் முடிச்சுகூடத் தெரிகிறது. வானம் மட்டும் எழுதாத காகிதம்போல வெள்ளையாக இருக்கிறது. அத்தனை நாளும் ஒரு மேகம்கூட இல்லாத வானத்தின் கீழா நடந்தார்?

மேகம் இருந்திருக்கும். ஃபிலிமுக்குத்தான் தெரியவில்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு ஒன்று உண்டு. அதற்குள் வெள்ளி புரோமைடுத் துகள்கள் பொதிந்திருக்கும். வெள்ளி புரோமைடு தன் இயல்பில் நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே அசைந்து கொடுக்கும். வெண்மேகத்திலும் நீலம் கலந்திருக்கிறது, வானத்திலோ நீலம்தான் நிறைந்திருக்கிறது. ஆகவே ஃபிலிமைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்த காலத்தில், பூச்சோடு தகுந்த சாயத்தைச் சேர்த்தால் அது பச்சையையும் உணரும் என்று 1873இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் கண்டறிந்தார். சிவப்பையும் உணரும் ஃபிலிம் பின்னர் வந்தது. அதற்கும்கூட நீலத்தின்மீது சற்றுக் கூடுதல் பாசம் இருந்துகொண்டேதான் இருந்தது.

மலை உச்சியில் இந்தச் சிக்கல் பெரிதாகும். அங்கே காற்று மெல்லியது, புற ஊதா ஒளி அதிகம். அதோடு காற்றின் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. அதனால்தான் தொலைவில் இருக்கும் மலைத்தொடர் படத்தில் பால் ஊற்றியதுபோல் கலங்கித் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் லென்ஸின் முன் மஞ்சள் கண்ணாடி பொருத்தி நீலத்தை மட்டுப்படுத்துவார்கள். 1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலுள்ள ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் சிவப்புக் கண்ணாடியைப் போட்டார். வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகி, பாறை தனித்து எழுந்து நின்றது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் அடர்ந்த வானமும் வெண்மேகமும் தெளிவாக விழுந்த ஒரு பழைய படம் இருந்தால், அதை எடுத்தவர் அநேகமாக ஒரு வண்ணக் கண்ணாடியையும் சட்டைப்பையில் சுமந்தே மலை ஏறியிருக்கிறார்.

ஷட்டர் திறந்து மூடிய அந்த நொடியில் ஃபிலிமில் நடப்பது மிகச் சிறிய காரியம். ஒளி பட்ட ஒவ்வொரு துகளிலும் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்கின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியாது. கழுவும்போது டெவலப்பர் என்ற வேதிக் கரைசல் அந்த நான்கைந்தைப் பற்றிக்கொண்டு துகள் முழுவதையும் வெள்ளியாக்கிவிடுகிறது. ஏறத்தாழ நூறு கோடி மடங்குப் பெருக்கம் அது! இப்படிச் சுருண்டு பின்னிய நுண்ணிய வெள்ளி இழைகள் ஒளியை விழுங்குவதால் கறுப்பாகத் தெரிகின்றன. ஃபிலிமில் ஒளி பட்ட இடம் கறுக்கும். அதன் வழியே ஒளியைப் பாய்ச்சித் தாளில் பிரிண்டு போடும்போது அது தலைகீழாகும், தாளிலும் கறுப்பைத் தருவது வெள்ளிதான். தாத்தாவின் கறுப்புக் கம்பளிச் சட்டை, படத்தில் உண்மையில் வெள்ளிதான்.

ஒளி படாத துகள்களைக் கரைத்து நீக்க ஹைப்போ என்ற வேதி உப்பு வேண்டும். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார். படம் நிலைக்க வேண்டுமானால் அந்த ஹைப்போவையும் ஓடும் நீரில் நன்றாக அலசிப் போக்க வேண்டும். அவசரமாக அலசினால் மிஞ்சிய ஹைப்போவிலிருந்து கந்தகம் மெல்ல வெளியேறி வெள்ளியோடு சேர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு மஞ்சள் கலந்த பழுப்புக் கறையாகக் காட்டிக்கொடுக்கும். இருட்டறையில் பத்து நிமிடம் மிச்சம் பிடித்த கைக்கான சாட்சி அந்தக் கறை.

இன்னொரு அடையாளத்தைப் பார்க்க, படத்தை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். ஓரங்களில், இருண்ட பகுதிகளின் மேல், நீலம் பூத்த கண்ணாடி மினுக்கம் தெரியும். காற்றிலுள்ள மாசும் ஈரமும் வெள்ளியை அயனியாக, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவாக, ஆக்குகின்றன. அயனிகள் ஜெலட்டின் வழியே மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்து, அங்கே மறுபடி வெள்ளியாகப் படிகின்றன. தேய்த்துத் துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள். நீங்கள் அழுக்கென்று துடைப்பது படத்தின் உடம்பையே.

வண்ணப் படத்தின் கதை வேறு. அதில் கடைசியில் வெள்ளியே மிஞ்சாது. வெள்ளி தன் வேலையை முடித்ததும் வெளுத்துக் கரைக்கப்படுகிறது. எஞ்சுவது மஞ்சள், மெஜந்தா, நீலப்பச்சை என மூன்று சாயங்கள். 1960களிலும் 70களிலும் போட்ட பல பிரிண்டுகளில், இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு சிதைந்தது. சிவப்பை விழுங்க வேண்டிய சாயம் போய்விட்டால் எல்லாமே சிவக்கும். அதனால்தான் அந்தப் படங்களில் பனிச்சிகரம் எப்போதும் அந்திப் பொழுதில் நிற்பதுபோல் இருக்கிறது.

இதற்கு மாறாக, 1930களின் நடுவில் வந்த கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்த ஸ்லைடுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் நேற்று எடுத்ததுபோல் இருக்கும். அவற்றில் சாயம் உருவாக்கும் வேதிப்பொருள்கள் ஃபிலிமிலேயே இல்லை. கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டன, எச்சமும் தங்கவில்லை. ஆனால் புரொஜெக்டர் வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது. குடும்பம் அடிக்கடி கூடி ரசித்த ஸ்லைடுதான் அதிகம் வெளிறியிருக்கும்.

சிவந்த படங்களைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். சாயம் பெரும்பாலும் குறைந்திருக்குமே தவிர, முழுதாகப் போயிருக்காது. நல்ல ஸ்கேனர் மூன்று வண்ணங்களையும் தனித்தனியே அளக்கும். மங்கிய வண்ணத்தைக் கணினியில் விரித்தால் வானம் மறுபடி நீலமாகும். ஸ்கேனரில் தூசியை நீக்கும் அகச்சிவப்பு வசதி இருந்தால், கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அதை அணைத்துவிடுங்கள். வண்ணச் சாயங்கள் பெரும்பாலும் அகச்சிவப்பை உள்ளே விடும், வெள்ளி விடாது. படம் முழுவதையுமே தூசி என்று நினைத்துக்கொண்டு அந்த மென்பொருள் திருத்தத் தொடங்கிவிடும்.

இந்த வேதிவினைகள் எல்லாவற்றையும் மெதுவாக்குவது குளிர். 1897இல் பலூனில் வட துருவம் நோக்கிப் புறப்பட்டு, பலூன் கீழிறங்கியதால் பனியில் மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் க்விட்டேயா தீவில் மடிந்த மூன்று ஸ்வீடன்காரர்களின் முகாம் 1930இல் கண்டுபிடிக்கப்பட்டது. கழுவப்படாத ஃபிலிம்கள் 33 ஆண்டுகள் அங்கேயே கிடந்திருந்தன. ஸ்டாக்ஹோமில் அவற்றைக் கழுவியபோது 93 படங்கள் தேறின. பனித்தரையில் சரிந்து கிடக்கும் பலூனும், அதைப் பார்த்தபடி நிற்கும் இரு உருவங்களும் அதில் ஒன்று. துகளுக்கு நான்கைந்து அணுக்கள் என்ற கணக்கில் இருந்த நினைவு அத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததை எண்ணினால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

வீட்டில் துருவக் குளிர் வேண்டாம். வெயிலில் காயும் மேல்தளமும் ஈரம் கசியும் அடித்தளமும் இல்லாத அறை, 30 முதல் 50 சதவீத ஈரப்பதம், இவை போதும். ஈரம் கூடினால் பூஞ்சை ஜெலட்டினைத் தின்னும். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் விரைவாக்குவதால் அந்தச் சுருளைத் தனியே பிரித்து வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் கொடுத்து, மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் பல படங்கள் விடுபடும்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாத்தா நின்ற அதே இடத்தைத் தேடவும் வழி உண்டு. பனியாறுகள் எவ்வளவு பின்வாங்கின என்பதை ஆய்வாளர்கள் பழைய படங்களைக் கொண்டு இப்படித்தான் அளக்கிறார்கள். முன்னால் ஒரு பாறை, பின்னால் ஒரு சிகரம், படத்தில் இரண்டும் எங்கே ஒட்டி நிற்கின்றன என்று பாருங்கள். நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் சிகரத்தை ஒப்பிடப் பாறை இடப்பக்கம் போகும். இரண்டும் படத்தில் உள்ளபடி பொருந்தும்வரை நகருங்கள். வேறொரு திசையில் இன்னொரு பாறை, இன்னொரு சிகரம் என்று மறுபடி சரிபாருங்கள். ஒவ்வொரு சிகரத்தையும் அதன் பாறையையும் சேர்த்து நீட்டிய இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிதான் அந்த இடம். அங்கே நின்றும் ஏதோ கொஞ்சம் பிசகினால் சற்றுக் குனிந்து பாருங்கள். பழைய பெட்டிக் கேமராவை முகத்துக்கு நேரே தூக்க மாட்டார்கள். இடுப்போடு அணைத்து, மேலிருந்து குனிந்து பார்த்துத்தான் எடுப்பார்கள்.