போக்கிமோன் பிடிக்கப் போனவர் ஏன் அக்கரையில் நிற்கிறார்?

செந்தூலிலிருந்து நான்காம் படிவ மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மிட் வேலியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கமாகப் போகும் சைக்கிள் பாதையில் போக்கிமோன் கோ விளையாடுவேன். கிள்ளான் ஆற்றோரம் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கும்போதே, திரையில் என் உருவம் நகர்ந்து ஆற்றுக்குள் இறங்கிவிடுகிறது. சில சமயம் அக்கரைக்கே போய்விடுகிறது. அந்த இடத்தில் ஏதோ இழுக்கிறது என்கிறார் பாட்டி. உண்மையில் என்ன நடக்கிறது?”

பாட்டி சொன்னதில் பாதி சரி. இழுப்பு இருக்கத்தான் செய்கிறது. இழுப்பது பெரும்பாலும் எதிர்க்கரைக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர்.

இந்த விளையாட்டு உங்கள் உருவத்தை வரைபடத்தில் நகர்த்துவது கைப்பேசியின் ஜிபிஎஸ் சொல்லும் இடத்தை வைத்துத்தான். ஜிபிஎஸ் அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகார நேரத்தை ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அலை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். கைப்பேசியின் கடிகாரம் மலிவானது என்பதால் அதன் பிழையைக் கண்டுபிடிக்க நான்காவது கோளும் வேண்டும். இதெல்லாம் சரி, அந்த அலையைக் கைப்பேசி எப்படிக் கேட்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்.

கோள் அனுப்பும் சக்தி சில பத்து வாட். தரைக்கு வரும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடும். சுற்றியுள்ள இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரிது. போதாததற்கு, எல்லா ஜிபிஎஸ் கோள்களும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகின்றன.

தைப்பூசத்தன்று பத்துமலையில் இருபது உறுமி மேளக் குழுக்கள் ஒன்றாக அடிக்கும்போதும், நம் தெருப் பையன்களின் அடியை நம் காது பிரித்துவிடும். அந்தத் தாளம் நமக்கு மனப்பாடம். கைப்பேசியும் அப்படித்தான். ஒவ்வொரு கோளுக்கும் +1, −1 என்று மாறிமாறி வரும் 1023 துண்டுகள் கொண்ட தனிக் குறியீடு உண்டு. பார்த்தால் கன்னாபின்னாவென்று இருக்கும், ஆனால் முன்பே தீர்மானித்தது. ஒரு விநாடிக்கு ஆயிரம் முறை அந்த முழு வரிசையும் திரும்பத் திரும்ப வரும். கைப்பேசி அதே வரிசையைத் தனக்குள் உண்டாக்கி, வரும் அலையோடு துண்டுக்குத் துண்டு பெருக்கி, விடைகளைக் கூட்டிப் பார்க்கும். வரிசை பொருந்தவில்லையென்றால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்று சைபருக்குப் பக்கத்தில் நிற்கும். கொஞ்சம் நகர்த்தி மறுபடி கூட்டும். இப்படி நகர்த்திக்கொண்டே போகும்போது ஓர் இடத்தில் 1023 துண்டுகளும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும், விடை சட்டென்று எகிறும். இரைச்சலுக்கு இந்த வரிசை தெரியாது, அதனால் அது தானே அடித்துக்கொண்டு கரைந்துபோகும். எவ்வளவு நகர்த்தினோமோ, அதிலிருந்து பயண நேரம் கிடைத்துவிடும்.

ஒரு துண்டு கடக்கும் நேரத்தில் அலை சுமார் 300 மீட்டர் போய்விடும், அதாவது ஒரு துண்டு என்பது சுமார் 300 மீட்டர். அதன் நூற்றில் ஒரு பங்கு வரை எகிறும் இடத்தைக் குறிக்க முடிவதால்தான் சில மீட்டர் துல்லியம் வருகிறது. வில்லங்கமும் இங்கேதான்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் உயரமான கட்டடம். அந்தப் பக்கத்து வானத்தில் உள்ள கோளை அது மறைத்துவிட்டது. ஆனால் அதே கோளின் அலை கட்டடத்தின் தலைக்கு மேலாகப் போய், ஆற்றுக்கு எதிரே உள்ள கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பி உங்கள் கைக்கு வருகிறது. குறியீடு கச்சிதமாகப் பொருந்துகிறது, கைப்பேசிக்குச் சந்தேகமே வராது. ஆனால் சுற்றிவந்ததால் நேரம் அதிகம். “இந்தக் கோளிலிருந்து நான் இன்னும் தள்ளி இருக்கிறேன்” என்று முடிவுகட்டி, உங்களை எதிர்ப்பக்கம், அதாவது ஆற்றை நோக்கித் தள்ளிவிடுகிறது. கூடுதல் பாதை சில பத்து மீட்டர் இருந்தாலே போதும், உருவம் தண்ணீரில் நிற்கும்.

இதைத் தடுக்கவும் வழி உண்டு. ஜிபிஎஸ் அலை வலப்பக்கமாகச் சுழன்றபடி வரும், மோதித் திரும்பினால் சுழற்சி பெரும்பாலும் இடப்பக்கமாக மாறிவிடும். நில அளவையாளர்களின் ஆண்டெனா அந்த இடஞ்சுழியை ஒதுக்கும். கைப்பேசியின் குட்டி ஆண்டெனாவுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் எதிரொலியும் மாறுகிறது, உருவமும் தானாக உலாவுகிறது. விளையாட்டில் கிடைக்கும் முட்டை பொரிய சில கி.மீ. நடக்க வேண்டும்; மேசைமேல் கைப்பேசியை வைத்துவிட்டு முட்டைக்குக் கி.மீ. சேர்ப்பவர்கள் வாழ்வது இந்தப் பிழையில்தான்! சைக்கிளில் வேகமாகப் போனால் முட்டைக்குத் தூரம் ஏறாததற்குக் காரணம் வேறு. மணிக்குச் சுமார் 10 கி.மீ.யைத் தாண்டினால் விளையாட்டு அதை நடையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

கோள்களின் கடிகாரம் தரையைவிட நாளுக்கு 38 மைக்ரோவிநாடி முந்தும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்கு தெரியாமல் அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கி.மீ.க்கு மேல் பிழை சேரும். 1915-இல் ஐன்ஸ்டைனிடம் “இதனால் என்ன லாபம்?” என்று கேட்டு நிதியை வெட்டும் குழு ஒன்று இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பேன். நமக்குச் சொந்தமான புதிர் ஒன்றும் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகே, சூரியன் மறைந்தபின், வானத்தின் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பி ஜிபிஎஸ் அலையை நடுங்க வைக்கும், மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி அதிகமாக. இந்த வானம் ஐரோப்பாவின் தலைக்கு மேல் இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் இதை ஆராய்கின்றன, அவர்களுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எலுமிச்சம்பழம் நறுக்கிப் பரிகாரம் செய்ய ஆகும் செலவில் ஒரு பங்காவது அந்தப் பக்கம் போகட்டும்.

2018 முதல் வந்த சில கைப்பேசிகள் எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் கேட்கும். அதில் குறியீடு பத்து மடங்கு வேகம், ஒரு துண்டு சுமார் 30 மீட்டர்தான். நேரடி அலையும் எதிரொலியும் கலந்து வந்தால் பிரிப்பது எளிது. நேரடி அலையே வராத இடத்தில் அதுவும் திணறும். ஆகவே தம்பி, மேம்பாலத்துக்கு அடியிலும் கட்டடத்தை ஒட்டியும் நிற்காமல், இரண்டு பக்கமும் வானம் திறந்திருக்கும் இடமாகப் பார்த்து சைக்கிளை நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டே பிடிக்க வேண்டாம், கரைக்குக் கீழே காங்கிரீட்.