நாற்பது படுத்தும் பாடு

ஏஎஸ்/400 கணினியிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பாக இறக்கி எக்செல்லில் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கிறுக்கல், அதற்குப் பின்னால் @@@@@@@@ என்று ஒரு வால். எண்களெல்லாம் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகியிருக்கும். தரவு கெட்டுவிட்டதென்று பதறத் தேவையில்லை. அந்த @ வரிசைதான் துப்பு.

ஐபிஎம் 1988இல் வெளியிட்ட இந்த இடைநிலைக் கணினி (அதன் இயங்குதளத்துக்கு இப்போது ஐபிஎம் ஐ என்று பெயர்) எழுத்துகளைப் பெரும்பாலும் எப்சிடிக் என்ற ஐபிஎம்மின் சொந்தக் குறியீட்டு முறையில் வைத்திருக்கிறது. அதில் வெற்றிடத்துக்குரிய பைட், பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 40. மற்றக் கணினிகள் பின்பற்றும் ஆஸ்கி முறையிலோ அதே 40தான் @. இருபது எழுத்துக்கு இடம் ஒதுக்கிய புலத்தில் நாலெழுத்துப் பெயர் இருந்தால் மீதிப் பதினாறும் 40தான். மாற்றாமல் அப்படியே வெளியே வந்தால் பதினாறு @.

ஏன் மாற்றவில்லை? ஒவ்வொரு புலத்துக்கும், அதன் எழுத்துகள் எந்தக் குறியீட்டு முறையில் உள்ளன என்று சொல்லும் சிசிஎஸ்ஐடி என்றொரு எண் உண்டு. 37 என்றால் அமெரிக்க எப்சிடிக், 1208 என்றால் யூடிஎஃப்-8. 65535 என்றால் ‘இதைத் தொடாதே’, அதாவது மாற்றாதே என்று பொருள். பழைய கோப்புகள் பலவற்றில் இருப்பது இந்தக் கடைசி எண்தான். சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்யும் சிபிஒய்டிஓஐஎம்பிஎஃப் ஆணையிலேயே ‘இதை 37 என்று எடுத்துக்கொள்’ எனச் சொல்லிவிடலாம். அதன் பிறகும் கிறுக்கலே வருகிறதா? முந்தைய முயற்சியில் உருவான வெளிக்கோப்பு அங்கேயே கிடக்கும். புதுத் தரவும் அதன் பழைய எண்ணின்படியே எழுதப்படும். அதை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொரு வகைப் பிழை, ஏற்றுமதி பாதி வழியில் நின்றுவிடுவது. ஜாப் லாகில் (வேலையின் நடப்புப் பதிவில்) எம்சிஎச்1202, அதாவது தசமத் தரவுப் பிழை என்றிருக்கும். அங்கேயும் குற்றவாளி பெரும்பாலும் அதே 40. தொகைகளை இந்தக் கணினி ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடுக்குகிறது. கடைசி அரை பைட் கூட்டல், கழித்தல் குறிக்கு. 1250 ரூபாய் என்பது 01 25 0எஃப். எஃப் கூட்டல், டி கழித்தல். ஏதோ ஒரு பழைய நிரல் தொகையை நிரப்பாமல் வெற்றிடத்தை வைத்துவிட்டால் 40 40 40 ஆகிறது. குறி இருக்க வேண்டிய இடத்தில் 0. அது கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

இத்தனை நாள் எப்படித் தப்பியது? டிடிஎஸ் என்ற பழைய கோப்பு வரையறை மொழி வழியே உருவாக்கிய கோப்புகளில் எழுதும்போது இந்தச் சோதனை நடப்பதில்லை, படிக்கும்போதுதான். எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல் மொழி) வழியே உருவாக்கிய அட்டவணைகளிலோ எழுதும்போதே வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஏற்றுமதி ஆணையைத் திட்டுவது வீண். பல வருடங்களாக யாரும் படிக்காத ஒரு வரியை அதுதான் முதலில் படித்திருக்கும்.

எஸ்க்யூஎல்லில் அந்தப் புலத்தின் ஹெக்ஸ் மதிப்பு 404040 ஆக உள்ள வரிகளைத் தேடினால் அகப்பட்டுவிடும். உடனே பூஜ்யமாக்கிவிடக் கை துறுதுறுக்கும். பாக்கியே இல்லையா, பதியாமல் விட்ட பாக்கியா என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.