தணிக்கைத் தடை: சொல்லும் பொருளும்

அலுவலகப் பேச்சில் 'ஆடிட் அப்ஜெக்ஷன்' என்பார்கள். கோப்பில் அதுவே 'தணிக்கைத் தடை'. ஒரு செலவு விதிப்படி நடந்ததா என்று தணிக்கையாளர் ஐயப்பட்டு, அதை எழுத்தில் எழுப்பினால் அது தணிக்கைத் தடை. பற்றுச்சீட்டு இல்லாமல் இருக்கலாம். அதிகாரம் இல்லாதவர் அனுமதி கொடுத்திருக்கலாம். ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணம் வேறு தலைப்பில் செலவாகியிருக்கலாம்.

'தணிக்கை' பலரும் நினைப்பதுபோல 'தணி' என்ற வினையிலிருந்து வந்ததல்ல. கசடு நீக்கிச் சீராக்குதல், ஆராய்தல் என்ற பொருள் கொண்ட 'தன்கீஹ்' என்ற அரபுச் சொல், உருது வழியாக நமக்கு வந்தது. தெலுங்கில் 'தனிகீ', கன்னடத்தில் 'தனிகே' என்று அக்கம்பக்கத்திலும் இதே சொல்தான். 'ஆடிட்' இலத்தீனில் 'கேட்டல்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்தில் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லி, காதால் கேட்டுத்தான் சரிபார்த்தார்கள்.

சிக்கல் 'தடை'யில்தான். தடையுத்தரவு, தடைச்சட்டம் என்றே கேட்டுப் பழகியதால், தணிக்கைத் தடை என்றதும் ஏதோ தண்டனை விழுந்துவிட்டது என்று நினைக்கிறோம். சிலர் அதை நிரூபிக்கப்பட்ட ஊழலாகவே பேசிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. சைவ சித்தாந்த நூல்களின் உரைகளில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை உண்டு. ஒரு கருத்தை மறித்து எழுப்பும் கேள்வி தடை, அதற்குத் தரும் பதில் விடை. 'தடை விடை' என்று இரண்டும் சேர்ந்தே நடக்கும். தணிக்கைத் தடையை இந்தப் பொருளில்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது தீர்ப்பு அல்ல, விடை கேட்டு நிற்கும் கேள்வி. இப்படிப் பார்த்தால் 'ஆட்சேபணை'யை விட 'தடை' எவ்வளவோ மேல்.

சரி, விடை சொல்ல வேண்டியவர் யார்? செலவை அனுமதித்துக் கையெழுத்திட்டவரும் பணத்தைப் பெற்று வழங்கிய அலுவலரும்தான். நடைமுறையில் அவர்கள் மாறுதலாகிப் போய்விடுவார்கள். புதிதாக வந்தவர் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று எழுதுவார். தடை ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். பணம் மக்களுடையது என்பதால் இந்த நழுவலை என்னால் சிறிய குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கி.பி. 921-ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்தில் (குழுவில்) உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. உறவினரையும் சேர்த்து விலக்கியது கடுமைதான். ஆனால் பொறுப்பு ஓர் ஆளின் பெயரோடு ஒட்டியிருந்தது.

இந்தக் கடமைக்குத் தமிழ்நாட்டில் 'பொறுப்புடைமை' என்கிறோம், இலங்கைத் தமிழில் 'பொறுப்புக்கூறல்'. பின்னதே பொருத்தம். பொறுப்பு எல்லா அலுவலருக்கும் உண்டு. இங்கே கேட்பது அதை வாய்திறந்து கூறுவதை.

தடை நீங்கச் சில வழிகள் இருக்கின்றன. விடுபட்ட ஆவணத்தைக் காட்டலாம். அதிகாரமுள்ளவரிடம் பின்னேற்பு ஆணை, அதாவது செலவு நடந்த பிறகு தரும் ஒப்புதல், பெறலாம். கூடுதலாகக் கொடுத்த தொகையைப் பிடித்தம் செய்யலாம். இழப்பு உறுதியானால் தகுந்த ஆணையோடு தள்ளுபடியும் செய்யலாம். கூட்டுறவுச் சங்கங்களில், இழப்புக்குக் காரணமானவரிடமே தொகையை வசூலிப்பதற்குத் 'தண்டத்தீர்வை' என்று பெயர். 'தீர்வை' என்பது வரியைக் குறிப்பதால் (சுங்கத்தீர்வை, ஆயத்தீர்வை) இது கொஞ்சம் குழப்பும் சொல். 'இழப்பீட்டு வசூல்' என்றால் யாருக்கும் புரியும்.

எந்த வழியிலும் தீராத பெரிய தடைகள் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சி.ஏ.ஜி.) அறிக்கையில் இடம்பெற்று நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ போகும். அங்கே பொதுக் கணக்குக் குழு துறைச் செயலாளரை நேரில் அழைத்துக் கேட்கும். நாடாளுமன்றக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவராக இருந்து வருகிறார்.