கதீற்றர்: கழுத்தில் ஏது வடிகுழாய்?

“கழுத்தில் கதீற்றர் போட வேண்டும்” என்று வைத்தியர் சொன்னதும் வீட்டார் விழிப்பது கொழும்பு வாட்டுகளில் சாதாரணம். கட்டிலோரம் சிறுநீர்ப் பையோடு தொங்குவதுதானே கதீற்றர், அதற்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி நியாயமானதே. ‘கீழே இறக்குதல்’ என்ற பொருளுடைய கிரேக்க வினையடியில் பிறந்த சொல் இது. சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கு உள்ளே இறக்கிய குழாயைத்தான் பழைய கிரேக்க வைத்தியர்கள் அப்படி அழைத்தார்கள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன பிறகே, உடலுக்குள் நுழையும் பலவகைக் குழாய்களுக்கும் அது பொதுப்பெயரானது.

தமிழில் வடிகுழாய் என்று எழுதுகிறோம். சிறுநீருக்குச் சரி. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் இரத்தச் சுத்திகரிப்பு, செய்பவரின் கழுத்தில் இருப்பது வெறுமனே வடிக்கும் குழாயல்ல. உள்ளே இரு வழிகள். சிவப்பு முனையால் இயந்திரத்துக்குப் போகும் இரத்தம், சுத்தமாகி நீல முனையால் திரும்புகிறது. ஆகவே செருகுகுழாய் என்பதே என் கட்சி.

வாட்டில் ஒலிப்பதென்னவோ ‘வாஸ்காத்’, ‘பேர்ம்காத்’ என்ற பெயர்கள்தான். முன்னது தற்காலிகமானது, பெரும்பாலும் வலப்பக்கக் கழுத்து நாளத்தில் நேரே செருகப்படும். இரண்டு வாரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டல். பின்னது தோலுக்கடியில் சிறிது தூரம் ஓடி நெஞ்சில் வெளிவரும், மாதக்கணக்கில் தாங்கும். தொடையில் போடுவதும் உண்டு. லண்டனில் ஸ்டான்லி ஷால்டன் 1961இல் தொடங்கிவைத்த முறை அது. அந்த நோயாளி வாட்டிலேயே இருப்பது நல்லது. இடுப்பை மடித்து உட்கார்ந்தால் குழாயும் மடங்கும்.

கழுத்துக் குழாயோடு வீடு திரும்புபவருக்குக் கொழும்பின் புழுக்கமே முதல் எதிரி. வியர்வையில் பிளாஸ்டரின் ஓரம் கிளம்பினால் வீட்டில் பிரித்து ஒட்டாமல் டயாலிசிஸ் பிரிவுக்கே போக வேண்டும். தலைக்கு முழுகுவதும் சவரின் கீழ் நிற்பதும் கூடாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தால் போதும். வேர்க்குருவுக்கு அப்பும் பவுடர், கோயில் சந்தனம், எண்ணெய் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். தாலிக்கொடி குழாயில் உரசும், சிக்கும். குழாய் இருக்கும்வரை கழற்றி வைப்பது புத்தி. மாமிமார் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். தலைவழியே இழுத்துப் போடும் பெனியனை விட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையை அணியலாம்.

குழாய் முனைகளின் மூடிகளைத் திறப்பது டயாலிசிஸ் தாதியின் வேலை. திறக்கும்போது நோயாளியும் முகக்கவசம் அணிய வேண்டும். திறந்த முனையால் காற்று இரத்தத்துக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. மூடி கழன்றுவிட்டால் குழாயை நெரித்து அடைக்கும் கிளிப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உடனே புறப்பட வேண்டும். குழாயே வெளியே வந்துவிட்டால் சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்தபடி வைத்தியசாலைக்குப் போங்கள். திரும்பச் செருகப் பார்க்காதீர்கள். குளிரும் நடுக்கமும், குறிப்பாக டயாலிசிஸ் நடக்கும்போது, வந்தால் கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கலாம். பனடோல் போட்டு விடியும்வரை காத்திருக்கும் காய்ச்சல் அல்ல அது.

பிஸ்டுலாவுக்கென, அதாவது டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக நாடியையும் நாளத்தையும் இணைக்கும் சத்திரசிகிச்சைக்கென, குறித்துவைத்த கையில் வேறு ஊசி குத்தவோ பிரஷர் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள். அந்தக் கை தயாரானால்தான் கழுத்துக் குழாய்க்கு விடுதலை.