ஜோடியைப் பிரிக்கலாம், பிளக்க முடியாது

"எட்டு ஜோடி வந்தால் பிளந்துவிடுங்கள்." 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் சீட்டாட்டம் பிளாக்ஜாக். அதை விளக்கும் தமிழ் வீடியோக்களில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எட்டு ஜோடி என்றால் இரண்டு எட்டுச் சீட்டு. தல்லாகுளத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் பையன், நிகழ்தகவுக் கணக்குக்கு நடுவே, "பிளந்தா எட்டு நாலு நாலா ஆகிருமா சார்?" என்கிறான். அவன்மேல் என்ன தப்பு? சொல் அப்படித்தான் சொல்கிறது.

ஆங்கிலத்தில் இதற்குச் சொல் ‘ஸ்ப்ளிட்’. டச்சு வழி ஆங்கிலத்துக்கு வந்த அதற்கு உடைதல், பிளத்தல் பழைய பொருள், பங்கு போடுதல் பின்னால் சேர்ந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டார்கள்.

ஆட்டத்தில் நடப்பது இதுதான். முதல் இரண்டு சீட்டும் ஒரே மதிப்பாக வந்தால், அதே அளவு பணத்தை இன்னொரு முறை கட்டி, இரண்டையும் தனித்தனிக் கையாக ஆடலாம். இதில் எது பிளந்தது? விறகைப் பிளப்போம், ஒன்று இரண்டாகும். சீட்டு முதலிலேயே இரண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரித்துத் தனி அடுப்பு, தனி வரவு செலவு என்று போவதைப் போன்றது இது. பாகத்தைப் பிளந்தார்கள் என்று யாராவது சொல்வோமா? ‘இணைப்பிளவு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்குக் கட்சி உடைந்த செய்திதான் ஞாபகம் வருகிறது. ஜோடிக்குப் பதில் இணை வேண்டுமென்ற பிடிவாதமும் வேண்டாம். மதுரையில் கொலுசே ஜோடிக் கணக்கில்தான் வாங்குகிறோம். ‘ஜோடி பிரித்தல்’ போதும்.

சொல் சரியானால் கணக்கும் விளங்கும். எட்டு ஜோடி 16. ஜாக், ராணி, ராஜாவுக்கும் மதிப்பு பத்துதான். இன்னொரு சீட்டு வாங்கினால், 13 வகையில் 6 முதல் ராஜா வரை எந்த 8 வகை வந்தாலும் 21-ஐத் தாண்டிவிடும். கிட்டத்தட்ட 62 சதவீதம். பிரித்தால் ஒவ்வொரு கையும் எட்டிலிருந்து தொடங்கும். ஏஸை 1 என்றோ 11 என்றோ எண்ணலாம். ஏஸ் ஜோடி சேர்ந்திருந்தால் 12, பிரித்தால் கைக்கு 11. ஒரே சீட்டுக்கட்டில் அந்த இரண்டு ஏஸை மட்டும் பார்த்திருக்கிறோம் என்றால், மிச்சம் 50-இல் பத்து மதிப்புச் சீட்டு 16. அதாவது அடுத்த சீட்டிலேயே 21 கிடைக்க 32 சதவீத வாய்ப்பு. பத்து ஜோடி 20, அதைத் தொடவே கூடாது. ஐந்து ஜோடி 10, அதுவும் சேர்ந்திருப்பதே நல்லது.

இதைத் ‘தந்திரம்’ என்று எழுதுவதும் தப்பு. யாரையும் ஏமாற்றவில்லை, கணக்குப் போடுகிறோம். உத்தி என்று எழுதுங்கள். அப்புறம் அந்த ‘ஹிட்’டை ‘அடி’ என்றும் ‘ஸ்டாண்ட்’டை ‘நில்’ என்றும் போடுவதை எப்போது விடுவார்கள்? சீட்டாடுகிறவர்கள் வாயில் வருவது ‘இன்னொன்னு போடு’, ‘போதும்’.